கழுகு திரும்பிப் பார்த்தது பற்றித் தண்டலம் சம்பந்திக்கு

விஜயராகவப் பெருமாள் துணை

பிள்ளைப்பாக்கம்,
1987, ஆடிக் கடைசி

தண்டலம் சம்பந்தி பரசுராமன் அவர்கள் சமூகத்துக்கு, பிள்ளைப்பாக்கம் தாண்டவராயன் கை கூப்பிச் சொல்லி, மருமகள் கிளியம்மாள் கையால் எழுதுவது. இங்கே நான், என் மகன் ரகுபதி, மருமகள், கறவை மாடு இரண்டு, எல்லோரும் சுகம். அங்கே தாங்கள், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை கோதண்டராமன், என் மகள் செங்கமலம், பேரப்பிள்ளை எல்லோரும் சுகமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். சுகம் என்று எழுதச் சொன்னதும் கிளியம்மாள் பேனாவை நிறுத்தி, "மாமா, வெறும் சுகம்னு போட்டா அவங்க நம்ப மாட்டாங்க, உயிரோட இருக்கேன்னு சேத்துப் போடட்டுமா" என்று கேட்டாள். சேர்த்தே போடச் சொல்லிவிட்டேன். நான் உயிரோடு இருக்கிறேன். சித்திரை மாதத்திலும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன், நடுவில் ஒரு நாழிகைகூட இல்லாமல் போகவில்லை.

இதை நான் உட்கார்ந்து சொல்லவில்லை. உட்கார்ந்தால் கால் துடிக்கிறது. வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடந்துகொண்டே சொல்கிறேன். எழுதுகிறவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதுகிறாள். சில இடத்தில் காதில் விழாமல் விட்டிருந்தால் அது அவள் குற்றமில்லை, என் காலின் குற்றம்.

போன வாரம் பால்காரர் மூலமாகத் தாங்கள் சொல்லி அனுப்பிய வார்த்தை வந்து சேர்ந்தது. வருகிற ஆவணி முதல் வெள்ளிக்கிழமை திருப்புட்குழிக் கோயிலில் பேரனுக்குக் காது குத்து, அதுதான் கடைசித் தேதி, அதை விட்டால் பிள்ளைக்கு மூன்று முடிந்து நாலு நடக்கும், இரட்டை வயதில் காது குத்தும் வழக்கம் தங்கள் வம்சத்தில் இல்லை. இவ்வளவும் நியாயம். அதற்குப் பிறகு சொன்னீர்களே, அதைப் பால்காரர் சொல்லும்போதே சைக்கிளில் ஒரு காலை ஏற்றி வைத்துக்கொண்டுதான் சொன்னார். "அன்னிக்கும் ரகுபதி வரலேன்னா கவலையில்ல, தசரதன் மடி கீது" என்றீர்களாம். சம்பந்தி, தசரதன் யார்? என் அண்ணன் மகன். செங்கமலத்துக்கு அண்ணன் முறை. முறை பேசினால் தாய்மாமன் மடி கொடுக்க அவனுக்கும் பாத்தியதை உண்டு. அவன் அப்பனும் நானும் பேச்சு விட்டது ஏரிக்கரைப் பனைமரத்தால். அன்றைக்கு விழுந்த பனங்காய் எந்தப் பக்கம் உருண்டது, அதை எடுத்தவன் எந்தக் கையால் எடுத்தான், அப்போது அவன் கட்டியிருந்த வேட்டியில் எந்த இடத்தில் கிழிசல், எல்லாம் இன்றைக்கும் சொல்லுவேன். அந்த வீட்டு மடியில் என் பேரன் உட்கார்ந்து காது குத்திக்கொண்டால், நாளைக்குக் கல்யாணத்துக்கு மாமன் சீரும் அந்த வாசலிலிருந்துதான் போகும். அப்புறம் செங்கமலம் தீபாவளிக்கு வந்தால் எந்த வாசலில் வந்து இறங்குவாள்? அண்ணன் முறை அங்கே, அப்பன் இங்கே என்று நடுத்தெருவில் நிற்பாளா? ஒரு பிள்ளை காதில் ஒரு ஓட்டை. அதற்குள் என் வீடே போய்விடும் போல இருக்கிறது. ஆகையால்தான் இந்தக் கடிதம். நடந்தது முழுக்க ரகுபதியின் குற்றம், என்னுடையது எள்ளளவும் இல்லை என்பதைத் தாங்கள் வரிசையாகத் தெரிந்துகொண்டால் மனம் இரங்குவீர்கள்.

ரகுபதி கெட்டவன் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஸ்பிரிங் செய்கிற கம்பெனியில் ஷிப்டு தவறாமல் போகிறான், ஷிப்டு முடிந்த பிறகும் ஓட்டி பார்க்கச் சொன்னால் மறுப்பதில்லை, சூப்பர்வைசரே அவனை ரகு என்றுதான் கூப்பிடுகிறார். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். கழுகு. அது ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பர்மா பஜாரில் ரஷ்யாக்காரன் கேமரா ஒன்று வாங்கி வந்தான். கழுத்தில் மாட்டினால் தலை தானாகக் குனிகிற கனம். வாங்கியவன் பெண்டாட்டியைப் படம் எடுத்தானா, என்னை எடுத்தானா, மாட்டையாவது எடுத்தானா? ஒரு பத்திரிகையில் யாரோ நம் தேசத்துப் பிணந்தின்னிக் கழுகு வகைகள் என்று எழுதியிருந்தார்களாம், அதில் பாதி அருகிப் போகப் போகிறது என்றும் இருந்ததாம். அதைப் படித்த நாளிலிருந்து, ஒவ்வொரு வகையையும் நேரில் பார்த்துப் படம் எடுத்தே தீருவேன் என்று ஊர் ஊராக மிருகக் காட்சிசாலைக்கு அலைந்தான். மற்றவன் புலியைப் பார்க்கிறான், யானையைப் பார்க்கிறான். இவன் அதையெல்லாம் தாண்டி ஓடி, கடைசியில் நாற்றமடிக்கிற கூண்டுக்கு முன்னால் நிற்பான்.

நானும் சொன்னேன். மாட்டுக்குக் கோமாரி வந்து ஊரே சுடுகாடாகக் கிடந்த வருஷம், ஏரிக்கரையில் உட்காரக் கிளை இல்லாமல் தரையில் குந்தியிருந்ததே கழுகு, அப்போது யார் டிக்கெட் வாங்கிப் பார்த்தோம் என்றேன். "அது சாதாக் கழுகு நைனா" என்றான். "நான் தேடறது செவப்புத் தலை. ராஜா." எனக்குச் சிரிப்பு வந்தது. செவப்புத் தலையை நான் பார்த்ததில்லையா? இரண்டு முறை பார்த்திருக்கிறேன். உடம்பு கறுப்பு, தலை மட்டும் தோல் உரித்த மாதிரி சிவப்பு, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் சதை மடிந்து தொங்கும், மார்பில் ஒரு வெள்ளைத் திட்டு. நாற்பது கழுகு பிடுங்கித் தின்கிற இடத்தில் அது ஒன்று வந்து இறங்கினால் நாற்பதும் தள்ளி நிற்கும். தனியாக வரும், தனியாகத் தின்னும், யாரையும் பார்க்காது. இதையெல்லாம் நான் விவரம் சொல்லப் போய்த்தான் அவன் ஆசை இன்னும் முற்றியது என்று கிளியம்மாள் சொல்கிறாள். அவள் சொல்வதை எழுத வேண்டாம் என்றேன், எழுதிவிட்டாள்.

தை மாதத்தில் முதன்முதலாகத் தேதி குறித்தீர்கள். அந்தக் கோயிலில்தான் செங்கமலம் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்து, காலையில் பார்த்தால் பயறு முளைத்திருந்தது, மறுவருஷமே பிள்ளை. ஆகையால் காது குத்தும் அங்கேதான் என்று வேண்டுதல். தாங்கள் வேன் வைத்து வந்தீர்கள். நான் வேட்டியும் சட்டையும் வளையலும் சீர்த்தட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆசாரி ஊசியோடு வந்தார். ரகுபதி மட்டும் இரண்டு நாள் முன்னால் மைசூர்க் காட்சிசாலைக்குப் போனவன், இரவு பஸ் ஏறி விடிவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவன், வரவில்லை. பிள்ளைக்கு முடி இறக்கியாயிற்று, சந்தனம் பூசியாயிற்று, மொட்டைத் தலையோடு அது எல்லோர் மடியிலும் ஏறி ஏறி இறங்குகிறது, உட்கார வேண்டிய மடி இல்லை. ராகு காலம் வந்துவிட்டது, ஆசாரி ஊசியைத் துணியில் சுருட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தான். என்ன ஆயிற்று என்றால், அந்தச் சிவப்புத் தலை காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் முதுகையே காட்டிக்கொண்டிருந்ததாம், இப்போது திரும்பும் இப்போது திரும்பும் என்று நின்றதில் பஸ் போய்விட்டதாம். ரோலைக் கழுவிக் கொண்டுவந்து காட்டினான். முப்பத்தாறு படம். முப்பத்தாறும் முதுகு. சம்பந்தியம்மாள் அன்றைக்கு, பிணம் தின்கிற பறவையைத் துரத்துகிறவன் மடியில் எங்கள் பிள்ளையை உட்கார வைப்பதே தோஷம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதை ரகுபதியிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, "அந்தக் கோயிலே யாருக்குக் கட்னது நைனா? சாமியே கழுகுக்குக் கொள்ளி வெச்ச எடம் அது. புள்ள வரம் குடுக்க மட்டும் சடாயு வேணும், போட்டோ எடுத்தா தோஷமா" என்றான்.  இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் சொல்லி அனுப்பவும்.

இரண்டாவது தேதி சித்திரை வெள்ளிக்கிழமை. இந்த முறை நான் ஏமாறவில்லை. கேமராவை நெல் குதிருக்குள் போட்டு, அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை காலையில் நான் குளிக்கப் போயிருந்தேன். குளிக்கும்போது கயிற்றை யார் பார்க்கிறார்கள்? கிணற்றடியில் சாவியைக் கழற்றி வைத்திருந்தேன். திரும்பி வந்தால் சாவி வைத்த இடத்தில் இருக்கிறது, குதிரில் கேமரா இல்லை, ரகுபதியும் இல்லை. கிளியம்மாளைக் கேட்டால், வண்டலூரில் புதிதாகத் திறந்திருக்கிற காட்சிசாலைக்குச் செவப்புத் தலை ஒன்று வந்திருக்கிறதாம், கம்பெனியில் யாரோ சொன்னார்களாம், ஒரே ஒரு ரோல் எடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனானாம். ஒரே ஒரு ரோல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு மைசூர் ஞாபகம் வந்துவிட்டது. போட்டது போட்டபடி கிளம்பினேன். பஸ் பிடித்து ஒரகடம் போய், அங்கே வேறு பஸ் மாறி, படப்பை வழியாக வண்டலூர் போய் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே போனால் அது காட்சிசாலை இல்லை, காடு. பலகையில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறார்கள், எழுத்து எனக்கு எங்கே தெரியும்? அம்புக்குறியை நம்பிப் போனேன். ஒரு அம்பு குரங்குக்குப் போயிற்று, ஒரு அம்பு கக்கூசுக்குப் போயிற்று. சுற்றிச் சுற்றி முதலையை மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை அதுவும் என்னைத் தெரிந்த மாதிரி பார்த்தது.

கடைசியில் காற்றில் வந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மரத்தடியில் பெரிய கூண்டு. உள்ளே மூலையில் கட்டையின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. முதுகு. வெளியே என் மகன், கேமராவில் கண்ணை வைத்தபடி. பக்கத்தில் யாக்கோபு என்று ஒருவர், கூண்டுக்குத் தீனி போடுகிறவர், மணிமங்கலத்துக்காரர், பீடியைப் பற்ற வைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் ரகுபதியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஒரே ஒரு தபா திரும்பட்டும் நைனா, வந்துடறேன்" என்றான். யாக்கோபு என்னைப் பார்த்து, "கறித் துண்டு போட்டாலே ரொம்ப யோசிச்சுத்தான் திரும்பும் பெரியவரே, போட்டோவுக்கா திரும்பப் போவுது" என்றார். எனக்குத் தலை சுற்றியது. காலையில் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. கூண்டுக்கு எதிரே மர நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடிவிட்டு எழுந்து அவனை இழுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் படுத்தேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

படுத்த சற்று நேரத்தில் கட்டையின் மேல் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ரகுபதியின் குரல், குசுகுசு என்று. "நைனா, அசையாத. எறங்கிடுச்சு. உன்னத்தான் பாக்குது." நான் அரைக்கண் திறந்து பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தரையில் நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, அந்தச் சிவப்புத் தலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாக்கோபு வாயிலிருந்த பீடி கீழே விழுந்ததாம். கேமரா டிக் டிக் என்கிறது. "மூச்ச இழுத்து வுடாத நைனா, வயிறு ஆடுது" என்கிறான் பெற்ற பிள்ளை. எறும்பு வேறு முதுகில் ஏறிவிட்டது. நான் அடக்கிக்கொண்டேன். அது ஒரு அடி வைத்தது, இன்னொரு அடி வைத்தது, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, மறுபக்கம் சாய்த்து இன்னொரு கண்ணால் பார்த்தது. மாடு பிடிக்கிற தரகன் பல்லைப் பார்க்கிற மாதிரி. அந்த நேரத்தில் சுற்றிலும் கூட்டம் சேருகிறது என்பது எனக்குத் தெரிந்தது. யாரோ பெரியவர் விழுந்துவிட்டார் என்று ஒருவர் சொல்கிறார், தண்ணீர் கொண்டா என்று ஒருவர் சொல்கிறார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பொம்பளை, "ஐயோ, எங்க ஊரு செங்கமலத்து அப்பனாச்சே" என்று ஓலம் போட்டாள். எங்கேயோ கேட்ட குரல் என்று தோன்றியது. எழுந்து யார் என்று பார்த்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து அது சிறகை விரித்தது சம்பந்தி. இந்த வாசல் அகலம். நான் எப்படி எழுந்திருப்பேன்?

விரித்தது, மடக்கியது, என்னை இன்னொரு முறை பார்த்தது. திரும்பி நடந்து போய்ப் பழைய கட்டையில் ஏறி, பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. வேண்டாமாம். யாக்கோபு என்னைத் தூக்கி உட்கார வைத்து, "ஆயுசு கெட்டி பெரியவரே, அதுக்கு மோப்பத்திலயே தெரிஞ்சிபோவும்" என்றார். நான் எழுந்து நின்றதும் கூட்டம் கலைந்தது. ஆனால் ஓலம் போட்டவள் அதற்குள் பஸ்ஸே ஏறிவிட்டாள். அவள் தங்கள் அடுத்த வீட்டுக் கங்கம்மாள் என்பதும், தங்கச்சி பிள்ளைகளுக்குக் காட்சிசாலை காட்ட வந்திருந்தாள் என்பதும், தண்டலம் போய்ச் சேருவதற்குள் அவள் வாயில் கழுகு என் ஒரு கண்ணைக் கொத்திவிட்டது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி நடந்தது தாங்களும் இருந்து நடந்தது. ஆனாலும் தண்டலத்தில் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று கேள்வி, ஆகையால் என் பக்கத்தையும் சொல்லி வைக்கிறேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நானும் ரகுபதியும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தோம். எங்கள் வாசலில் கூட்டம். பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் பல நாளாகப் படுக்கையில் இருந்தார், அவர்தான் போய்விட்டார் போல, நம் வாசல் அகலம் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முறைப்படி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். "யாரு போனது" என்று மெதுவாகக் கேட்டேன். ஏறிட்டுப் பார்க்காமலே, "எங்க சம்பந்தி" என்றீர்கள். இருட்டில் எனக்கும் தங்களைத் தெரியவில்லை. "எந்த ஊரு சம்பந்தி" என்றேன். "இந்த வூட்டுக்காரருதாம்பா, தாண்டவராயன். நல்ல மனுசன். கொஞ்சம் வாய்தான்" என்றீர்கள். சம்பந்தி, அந்தக் கடைசி வார்த்தையை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளவில்லை என்பதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் கங்கம்மாள் அரிக்கேனைத் தூக்கிப் பார்த்து, விளக்கையும் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள். செங்கமலம் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்ட கையாலேயே முதுகில் இரண்டு போட்டாள். "செத்தா செத்தேன்னு வா, இல்லன்னா இல்லன்னு வா நைனா. இன்னா இது" என்று கேட்டாள். பெற்ற மகள் அடித்தால் வலிப்பதில்லை. தாங்கள் வாங்கி வந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான்தான் வாங்கி மாட்டுக் கொட்டகை ஓரமாகப் போட்டேன். அதை மாடு தின்றது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் பால் கூடவே கறந்தது. நானும் பயந்துகொண்டே கேட்டேன், நாளைக்குக் காது குத்துதானே என்று. தாங்கள், "அழுத வூட்ல அடுத்த நாள் காது குத்த மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறியவர்தான். தங்கள் வீட்டில் பலகாரத்துக்கு அரைத்து வைத்த மாவையெல்லாம் கொட்டிவிட்டார்களாம், ஆசாரி வேறு இடத்துக்கு ஒத்துக்கொண்டாராம். அதன் பிறகு வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, ஆடியில் செங்கமலத்தை ஆடிக்குக்கூட அனுப்பவில்லை. நான் உயிரோடு இருப்பது தங்களுக்கு இவ்வளவு கோபம் தரும் என்று தெரிந்திருந்தால், அன்றைக்கு அது என்னைத் திரும்பிப் பார்த்தபோது இன்னும் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கியிருப்பேன்.

ஆக, குற்றம் முழுவதும் என் மகனுடையது. கேமராவை மறுபடி குதிரில் போட்டுவிட்டேன். குளிக்கும்போதும் சாவியைக் கழற்றுவதில்லை, கயிறு நனைந்து இடுப்பு அரிக்கிறது. வெள்ளிக்கிழமை அவனைக் கையைப் பிடித்து நானே திருப்புட்குழிக்குக் கூட்டி வருகிறேன், வேண்டுமானால் மாட்டுக் கயிறு போட்டுக் கூட்டி வருகிறேன். அவன் மடியில் பேரனை உட்கார வைத்து ஆசாரி ஊசியை எடுக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன். தசரதனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தால், வேலை இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். அவனுக்கு மடி வலிக்க வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கு ஆசி. செங்கமலத்தின் கை சுளுக்கு ஏதும் பிடிக்காமல் இருக்கட்டும். பேரன் இரண்டு காதும் பொலிய, தங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல், கறவை வற்றாமல், சொன்ன சொல் மாறாமல் வாழ்க.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் தங்கள் சம்பந்தி,
தாண்டவராயன் (கைநாட்டு)

பின்குறிப்பு: தண்டலம் மாமா அவர்களுக்குக் கிளியம்மாள் நமஸ்காரம். மாமா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். கைநாட்டு வைத்துவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார், அதற்குள் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு அந்தப் படம் சித்திரையிலேயே கிடைத்துவிட்டது. முகம், சிறகு, எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது, கீழே மாமாவும் விழுந்திருக்கிறார். அதோடு அவருக்கு ஆசை தீர்ந்துவிட்டது. இப்போது ஷிப்டு, ஓட்டி, வீடு, அவ்வளவுதான். குதிரில் கேமரா இல்லை, மாமா தூங்கும்போது சாவியை அவிழ்த்து எடுத்துப் போன மாதமே விற்றுவிட்டார், மாமா காலி அறையைத்தான் பூட்டி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வாராவாரம் வண்டலூர் போகிறவர் மாமா. கூண்டுக்கு எதிரே துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறாராம். அது இறங்கி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால், "இன்னிக்கும் வேணாமாம்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிடுவார். போன வாரம் அது திரும்பிப் போகாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டதாம். அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார முடியவில்லை, நடக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு தடவை போய் முடிவு தெரிந்துகொண்டுதான் காது குத்துக்கு வருவேன் என்கிறார். தடுத்தால் கேட்க மாட்டார். என் வீட்டுக்காரரை நான் முதல் பஸ்ஸிலேயே கூட்டி வந்துவிடுகிறேன், மடிக்குக் கவலை வேண்டாம். முகூர்த்தத்தை மட்டும் ராகு காலம் கழிந்து பன்னிரண்டுக்கு மேல் வையுங்கள். யாக்கோபு அண்ணனிடம் ஆள் அனுப்பிச் சொல்லி வைத்திருக்கிறேன், அன்றைக்குக் காட்சிசாலை திறப்பதற்கு முன்பே அதற்கு வயிறு முட்டக் கறி போட்டுவிடுவார். வயிறு நிறைந்துவிட்டால் அது யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். மாமா சந்தோஷமாக வந்து சேருவார். ஒரு வாரப் பசியோடு வருவார், இலையில் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.